உஷார்! அணைத்த பிறகும் திரும்பி வரும் மஞ்சள் விளக்கு

காரின் மீட்டர் பக்கத்தில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. கராஜுக்குப் போகிறீர்கள். அங்குள்ள பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, இரண்டு பட்டனை அழுத்துகிறான். விளக்கு அணைகிறது. "குச் நை சாப், சென்சார் கா லஃப்டா" என்கிறான். சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேர்கிறீர்கள். ஒரு வாரம்கூடத் தாண்டாது, அதே விளக்கு அதே இடத்தில் மறுபடி எரியும். மறுபடி கராஜ், மறுபடி அழிப்பு. ஹைதராபாத்தின் சைனிக்புரி, ஏ.எஸ். ராவ் நகர், யாப்ரால், நேரேட்மெட் பக்கம் கார் வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் மாதக்கணக்காக இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். பையன் சரிசெய்தது எதுவும் இல்லை. கார் தன் நோயை எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அந்த விளக்கு சும்மா எரிவதில்லை. புகையைச் சுத்தம் செய்யும் பாகங்களைக் கார் தானே சோதித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒருமுறை சந்தேகம் வந்தால் மனதில் மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கைப் போடும். அதாவது நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது இரண்டு முறை உறுதியாகிவிட்டது. கோளாறு உண்மையிலேயே நீங்கினால், தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் சுத்தமாக முடிந்தபின் விளக்கு தானாகவே அணையும். ஸ்கேனரில் அழித்தாலோ கார் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில சோதனைகளுக்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஈசிஐஎல் நெரிசலுக்குள் மட்டுமே ஓடும் காருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே நாலைந்து நாள் ஆகும். விளக்கு அந்த நாலைந்து நாள் எரியாமல் இருந்ததைத்தான் ரிப்பேர் என்று நம்பிவிடுகிறோம்.

முதலில் உயிருக்கு ஆபத்தான விஷயம். விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், அதோடு வண்டி உதறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் வழியாகப் போகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அதன் உள்ளே இருப்பது நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடும், இன்னும் ஏறினால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு இக்னிஷன் காயில் மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஐந்து இலக்கச் செலவில் போய் நிற்கும். அதைவிட மோசம், சிவக்கச் சூடேறிய அந்தக் கன்வர்ட்டர் காரின் அடியில், தரைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் நம் தெருக்களின் ஓரமெல்லாம் காய்ந்த சருகு. அந்தச் சருகின் மேல் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். மினுக்கும் விளக்கோடு "வீடு வரைக்கும் ஓட்டிடலாம்" என்று நினைக்கவே வேண்டாம். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, இழுவை வண்டிக்குப் போன் போடுங்கள்.

அடுத்தது, சைனிக்புரிக்கென்றே எழுத வேண்டிய ஆபத்து. படையில் இருந்தவர்கள் குடியேறி உருவான ஊர் இது. நல்ல எஸ்யூவி, அதுவும் டீசல், வீட்டுக்கு வீடு நிற்கிறது. சர்வீஸில் இருந்தபோது நீண்ட தூரம் போக வாங்கிய வண்டி, இப்போது என்ன ஓட்டம் ஓடுகிறது? காலையில் காய்கறிக்கு ஏ.எஸ். ராவ் நகர், மாலையில் கோயில், வாரம் ஒருமுறை ராணுவக் கேன்டீன், இடையில் திருமுல்கேரி ஆஸ்பத்திரி. எல்லாமே குறைந்த தூரம். பல நாள் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் கேட் வந்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 புகை விதி கட்டாயம். பிஎஸ்4 வண்டிகளை அந்த மார்ச் 31-க்குப் பிறகு விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. பிஎஸ்6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உண்டு. புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை அனுப்பி, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்குச் சுமார் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும், வேகமும் ஓரளவு சீராக இருக்க வேண்டும். சைனிக்புரியிலிருந்து ஏ.எஸ். ராவ் நகருக்குப் போகிறவருக்கு இருபது நிமிடம் எங்கே கிடைக்கும்? எரிப்பு தொடங்கும், நீங்கள் சாவியைத் திருப்பி அணைப்பீர்கள். அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். கரி ஏறிக்கொண்டே போகும். முதலில் டிபிஎஃப் விளக்கு, பிறகு எஞ்சின் விளக்கு, பிறகு வண்டி இழுக்காது.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பாதியில் நின்றுபோன ஒவ்வொரு எரிப்பிலும் கூடுதலாக அனுப்பிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் குறைந்திருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்போம். நீங்கள் ஆயில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால், விரலில் தடவும்போது தண்ணீர்போல வழுக்கினால், டீசல் வாடை அடித்தால், அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். ஆயில் மாற்றும் செலவோடு தப்பிப்பதா, எஞ்சினையே இறக்குவதா என்பது அந்தக் குச்சியைப் பார்ப்பதில் இருக்கிறது.

டிபிஎஃப் விளக்கு மட்டும் வந்திருந்தால் இன்னும் வழி இருக்கிறது. காலையில் கீசரா பக்கமோ ஷாமீர்பேட் பக்கமோ போய் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறுங்கள். 158 கிலோமீட்டர் வட்டம் நம் வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கார் புத்தகத்தில் சொன்ன வேகத்தில், சீராக, அந்த விளக்கு அணையும் வரை ஓட்டுங்கள். ஆனால் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி சோர்ந்துவிட்டால், ரிங் ரோட்டில் எவ்வளவு ஓட்டினாலும் பயனில்லை. கரி அளவு எல்லை மீறினால் எஞ்சின் கம்ப்யூட்டரே எரிப்பை அனுமதிக்காது. சர்வீஸ் சென்டரில் இயந்திரம் மாட்டி எரிக்க வைப்பதுதான் அடுத்த வழி. இப்படி ஓடுகிறவர்கள் அடுத்த கார் வாங்கும்போது டீசல் பக்கமே போகாதீர்கள் என்பது என் திடமான எண்ணம். கேன்டீன் விலையில் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

பெட்ரோல் கார்க்காரர்களிடம் அதிகம் பணம் பிடுங்குவது ஸ்கேனர் காட்டும் பி0420 என்ற கோளாறு எண். கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். இந்த எண் வந்த மறு நிமிடமே சில கராஜ்களில் கன்வர்ட்டர் மாற்றக் கொட்டேஷன் தயாராகிவிடும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் ஹேட்ச்பேக்குக்கும் இதுதான் நடந்தது. அவர் அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில், "ஐயா, ஒருநாள் பொறுங்க, இன்னொருத்தர்ட்ட காட்டிட்டு முடிவு பண்ணலாம்" என்று தடுத்தோம். இரண்டாவது மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரில் இரண்டு ஆக்சிஜன் சென்சாரின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். அந்தக் காரில் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருப்பது ஏறத்தாழ அசையாமல் ஒரே அளவில் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் கன்வர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். இவர் காரில் பின்னது நிலையாகத்தான் இருந்தது, எப்போதாவது சட்டென்று கீழே விழுந்து எழுந்தது. மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி, சைலன்சர் பைப்பின் இணைப்பில் டார்ச் அடித்தார். போல்ட்டைச் சுற்றி மையாகக் கரிப் படிவு. கேஸ்கெட் போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. கேஸ்கெட், இரண்டு போல்ட், கூலி, அவ்வளவுதான் பில். கன்வர்ட்டர் இன்றுவரை அதே கன்வர்ட்டர்தான்.

ஆகவே கொட்டேஷன் கையில் வந்ததும் கேளுங்கள்: பைப்பில் கசிவு பார்த்தீர்களா, பிளக்கும் காயிலும் பார்த்தீர்களா, சென்சார் ஒயரை எலி கடித்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை லேசாக எண்ணாதீர்கள். மரமும் தோட்டமும் உள்ள நம் காலனியில், மழைக்காலத்தில் கதகதப்புத் தேடி எலி பானெட்டுக்குள் ஏறுவது வாடிக்கை. பாதி கடிபட்ட ஒயர் காய்ந்த நாளில் வேலை செய்யும், ஈரத்தில் செய்யாது. விளக்கு வந்து வந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணோடு சேர்த்து இன்னொன்றையும் எழுதி வாங்குங்கள். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, எவ்வளவு மிதித்திருந்தீர்கள் என்பதையெல்லாம் கார் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, மேம்பாலம் ஏறும்போது வருகிறதா என்பது அதில் தெரியும். அழித்தால் அதுவும் போய்விடும். அதனால்தான் படிக்காமல் அழிக்க விடாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

யூடியூபில் பார்த்துவிட்டுப் பெட்ரோல் மூடியை இறுக்கினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். அது அமெரிக்கக் கார்களுக்கான வைத்தியம். டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று தேடிப் பிடிக்கும் சோதனை அங்கே கட்டாயம். நம் பிஎஸ் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை, இங்கே பெரும்பாலான கார்களில் அந்தச் சோதனை இல்லை. இங்கே ஆவிப் பகுதியைக் கெடுப்பது வேறு ஒரு பழக்கம். பம்பில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டு ஃபிகர் ஆக்க இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்துகிறார்களே, அதுதான். ஆவியை மட்டும் உறிஞ்ச வேண்டிய கரிப்பெட்டிக்குள் திரவப் பெட்ரோல் போய்விடுகிறது. டாங்கு நிரப்பிய கையோடு வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால் அங்கே தேடுங்கள். முதல் கட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள், சில்லறை போனால் போகட்டும்.

"பொல்யூஷன் சர்டிஃபிகேட் பாஸ் ஆகிவிட்டதே" என்று சமாதானம் அடையாதீர்கள். அந்தச் சோதனையில் பெட்ரோல் கார் நின்ற இடத்தில் உறுமும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்ப்பார்கள், டீசலில் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை. அதைக் குறைக்கும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்து மூடிக்கிடக்கும் கார்கூடச் சிரமமில்லாமல் பாஸ் ஆகும்.

இதைவிடப் பயங்கரமான யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. டிபிஎஃபைக் குடைந்து எடுத்துவிட்டு, விளக்கே வராதபடி சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறார்களாம். ஒப்புக்கொள்ளவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இத்தகைய மாற்றத்தைத் தடை செய்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விழலாம். வாரண்டியும் போகும். சாஃப்ட்வேரால் புகையை மறைத்த ஃபோக்ஸ்வாகன் 2015-இல் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது. இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கம்பெனி செய்ததைத்தான் தெருமுனைக் கடையில் நம் கார் ஒவ்வொன்றுக்கும் செய்யச் சொல்கிறார்கள். வெளியே போகும் அந்தக் கரித்துகளை முதலில் சுவாசிக்கப்போவது நம் கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றல் உத்தரவு வந்ததும் அவசரமாக விற்கப்படும் கார்கள் நம் பகுதியில் நிறைய. பெரும்பாலானவை நல்ல வண்டிகள்தான். ஆனால் விற்பதற்கு முந்தின நாள் யாரோ எண்ணை அழித்துவிட்டால், டெஸ்ட் டிரைவில் விளக்கு எரியாது, உங்களுக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்றோடு போங்கள். 2013-க்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். செருகிப் பார்த்தால், கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், ஈஜிஆர் என ஒவ்வொரு சோதனையும் முடிந்ததா இல்லையா என்று பட்டியல் காட்டும். முந்தின நாள் வரை ஓடிய கார் என்று சொல்லி, அதில் மூன்று நான்கு சோதனைகள் ஒன்றாக 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். விற்பவர் என்ன காரணம் சொன்னாலும், இன்னும் ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.