ஆறு மாதக் கெடு யாருக்கு?

வலி இருக்கிறதோ இல்லையோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் நான்கு மாதமோ பதினைந்து மாதமோ இல்லை என்று கேட்டால் பதில் சொல்பவர் குறைவு. 1977-இல் ஆப்ரி ஷீஹாம் என்ற பிரிட்டிஷ் பல் சுகாதார ஆய்வாளர் 'லான்செட்' இதழில் இதே கேள்வியை எழுப்பினார்: இந்தக் கெடுவுக்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது உண்டா? மருத்துவ உலகம் இதற்கு விடை தேடிய வேகம் வியப்பளிக்கிறது. 2004-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், பெரியவர்களுக்கு அவரவர் வாயின் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையைக் களத்தில் உரசிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது 2020-இல்தான்.

'இன்டர்வெல்' என்ற பெயரில் பிரிட்டனில் நடந்த அந்த ஆய்வில் 51 பல் மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 2,372 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு அவரவர் ஆபத்தை மதிப்பிட்டு மருத்துவரே இடைவெளியை முடிவு செய்தார். இரண்டு ஆண்டு பொறுத்து வந்தாலும் பாதகமில்லை என்று மருத்துவர் கருதியவர்களில் ஒரு பகுதியினர் 24 மாதப் பிரிவில் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, யார் எந்தப் பிரிவு என்று தெரியாத பரிசோதகர்கள் ஈறுகளை மெல்லிய கருவியால் தொட்டு, எத்தனை இடங்களில் ரத்தம் கசிகிறது என்று எண்ணினார்கள். பிரிவுகளுக்கு இடையே இருந்த வேறுபாடு ஒரு சதவீதப் புள்ளியைக்கூட எட்டவில்லை. இதற்கு முன்பே, 2018-இல் வெளியான 'ஐக்வாட்' ஆய்வு இன்னொரு பழக்கத்தைச் சோதித்திருந்தது. 1,877 பேரில் சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், சிலருக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் பற்காரை நீக்கிப் பற்களை மெருகேற்றினார்கள். மீதிப் பேருக்குச் செய்யவே இல்லை. மூன்று ஆண்டு முடிவில் ஈறுகளின் நிலையில் வேறுபாடு தெரியவில்லை. வாய் பளிச்சென்று இருப்பதை மக்கள் விரும்பினார்கள், அதற்குப் பணம் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள் என்பது வேறு விஷயம். விருப்பத்துக்குச் செலவு செய்வதில் தவறில்லை. அதை நோய்த்தடுப்பு என்று கணக்கு எழுதுவதில்தான் சிக்கல்.

அப்படியானால் பல் மருத்துவரே வேண்டாமா என்று ஒருவர் மடக்கலாம். இந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 'இன்டர்வெல்' ஆய்வுக்கு வந்தவர்கள் முந்தைய இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறையாவது பல் மருத்துவரைப் பார்த்தவர்கள். கடைவாய்ப் பல் தூக்கத்தைக் கெடுத்த பிறகே மருத்துவமனை வாசலை மிதிப்பவருக்கு இந்த முடிவு பொருந்தாது; அவர் இன்னும் முதல் பரிசோதனைக்கே வந்து சேரவில்லை. நான்கு ஆண்டு என்பது மெதுவாக வளரும் நோய்க்குப் போதுமான காலமா என்ற ஐயமும் நியாயமானதே. ஃபுளூரைடு பற்பசையால் துலக்கும் பெரியவர்களுக்குச் சொத்தை எனாமலைக் கடந்து உள்ளே இறங்கப் பெரும்பாலும் ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் இந்த மெதுவான போக்கே ஆறு மாத விதியையும் பலவீனமாக்குகிறது: அத்தனை மெல்ல நகரும் ஒன்றை அத்தனை அவசரமாகத் துரத்துவானேன்? இன்னொரு குறையும் உண்டு. புகைப்பவரின் ஈறுகளில் நோய் முற்றியிருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். எனவே கசிவை மட்டும் பார்த்து 'நீங்கள் இரண்டு வருடம் கழித்து வரலாம்' என்று புகைப்பவரை அனுப்பிவைப்பது ஆபத்து.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வாய்ப்புற்றுநோய்: இடைவெளி நீண்டால் அதைத் தவறவிட மாட்டோமா? இதுபற்றிய சான்றைப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில் பார்க்கலாம். 1996-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, அங்குள்ள 13 பகுதிகளில் 7 பகுதிகளைப் பரிசோதனைக்கும் 6 பகுதிகளை ஒப்பீட்டுக்கும் ஒதுக்கியது. பட்டம் பெற்ற, ஆனால் மருத்துவம் படிக்காத களப்பணியாளர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்று ஆண்டு. 2005-இல் வந்த முடிவில், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. மொத்த மக்களையும் சேர்த்துப் பார்த்தபோது இருந்த குறைவு, தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பலன் கிடைத்தது ஆபத்து உள்ளவர்களுக்கே. அதுவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்ததிலேயே. எல்லோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைப்பதற்கான வாதமாக இது நிற்காது. வெற்றிலை, புகையிலை, பான் மசாலா போடுபவரை விடாமல் தேடிப்போய்ப் பார்ப்பதற்கான வாதம் இது.

இடைவெளியை ஆளுக்கு ஆள் மாற்றுவது எளிதல்ல. ஆறு மாதம் என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மதிப்பிடக் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை: கடைசியாக எப்போது புதிய சொத்தை வந்தது, புகையிலைப் பழக்கம் உண்டா, இனிப்பை அடிக்கடி சுவைப்பவரா, வாயை உலர்த்தும் மாத்திரை ஏதும் எடுக்கிறாரா, சர்க்கரை நோய் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை நம்மூரில் விடவே கூடாது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஈறு நோயைத் தீவிரமாக்கும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதையும் கடினமாக்கும். அப்படிப்பட்டவருக்கு ஆறு மாதமே நீண்ட இடைவெளியாக இருக்கலாம், மூன்று மாதத்தில் வரச் சொல்வதும் தகும். சொத்தை எதுவும் இல்லாமல், புகையிலை தொடாமல், தினம் இருமுறை ஒழுங்காகத் துலக்குபவர் அதே வரிசையில் ஆண்டுக்கு இருமுறை உட்கார்ந்திருக்கும்போது மருத்துவரின் நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை சீட்டில் 'ஆறு மாதம் கழித்து' என்று எழுதித் தரும்போது, 'என் வாய்க்கு ஏன் ஆறு மாதம், டாக்டர்?' என்று கேட்கலாம். சரியான காரணம் இருந்தால் அவரால் அதை அரை நிமிடத்தில் சொல்லிவிட முடியும்.