புது ஃபில்டர் போட்டும் படகு எஞ்சின் நின்று போவது ஏன்? முகத்துவாரம் தாண்டும் முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் ஃபில்டரைக் கழற்றிப் புதுசு மாட்டியாச்சு. ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இல்லையென்றால் பிடித்து, ரெண்டு நிமிஷம் ஓடிவிட்டு நின்று போகிறது. "புது ஃபில்டரே டூப்ளிகேட்டா இருக்குமோ" என்றுதான் முதலில் சந்தேகம் வரும்.

ஆனால் பெரும்பாலும் கோளாறு புதுப் பாகத்தில் இருப்பதில்லை. அதை மாட்டுவதற்காகத் திறந்த இணைப்புகளில்தான் இருக்கும். கூடுதல் செலவு இல்லாமல் இதைக் கரையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

புன்னைக்காயலில் இது ஏன் பெரிய விஷயம்?

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் படகுகள் கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். ஆறு கொண்டுவரும் மணலும் அலை தள்ளும் மணலும் சேர்ந்து அங்கே திட்டாகப் படியும். ஆழம் குறைந்த இடத்தில் அலை உடையும். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழும் ஆபத்து உண்டு.

வெளிக்கடலில் நின்றாலும் சிக்கல்தான். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், நின்றுபோன படகு கரையை விட்டு விலகிக் கிழக்கே இழுபடும்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. எஞ்சின் வேலைகள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். அதனால் தடை முடிந்து போகும் முதல் பயணத்தில் இந்தக் கோளாறு வர வாய்ப்பு அதிகம். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. ஆனாலும் எஞ்சினில் கை வைத்த மறுநாள் எந்தப் படகுக்கும் இதே கவனம் தேவை.

டீசல் எப்படிப் போகிறது?

டேங்க், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ஃபீட் பம்ப், மெயின் ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், இன்ஜெக்டர். பொதுவாக டீசல் போகும் வரிசை இதுதான்.

பழைய வகை எஞ்சின்கள் பலவற்றில், சுமார் 200 பார் அழுத்தம் வந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்கு. டீசல் எளிதில் அமுங்காது, அதனால் பம்ப் தள்ளும் அழுத்தம் அப்படியே இன்ஜெக்டருக்குப் போய்ச் சேரும். காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கிக் கொடுத்துவிடும். குழாயில் கொஞ்சம் காற்று இருந்தாலும் அழுத்தம் ஏறாது, இன்ஜெக்டர் திறக்காது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்கிறார்கள்.

பாகம் மாற்றும்போது காற்று எப்படி நுழைகிறது?

ஃபில்டரைக் கழற்றியதுமே குழாய்க்குள் காற்று போய்விடும். அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. வேறு காரணங்களும் உண்டு:

• பழைய ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதுசையும் போட்டிருப்பது
• நசுங்கிய பழைய செம்பு வாஷரையே திரும்ப மாட்டுவது
• குழாய் கிளாம்ப் சரியாக இறுகாமல் இருப்பது

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். டேங்க் தாழ்வாக இருந்தால், இங்கே லீக் இருந்தும் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் ஒழுகலையே" என்று ஏமாந்துபோவது இதனால்தான்.

அறிகுறியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

• எஞ்சின் சுற்றியும் புகையே வரவில்லை: டீசல் இன்ஜெக்டருக்குப் போகவில்லை.
• வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை: டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது: ஃபில்டரில் மிச்சமிருந்த டீசலில் ஓடியிருக்கலாம். பின்னால் அடைப்போ, காற்றோ இருக்கிறது.
• மெதுவாக ஓடுகிறது, வேகம் கூட்டினால் நிற்கிறது: அடைப்பாக இருக்கலாம். டேங்கின் காற்றுத் துளையையும் பாருங்கள்.
• வேகம் தானாகவே ஏறி இறங்குகிறது: டீசலோடு காற்றும் கலந்து வருகிறது.

ஏர் எடுப்பது எப்படி?

1. டேங்கில் போதுமான டீசல் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. மெயின் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள்.

3. இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஏர் ஸ்குரூவிலும் இதையே செய்யுங்கள்.

4. அப்படியும் பிடிக்காவிட்டால், இன்ஜெக்டர் பக்கத்து நட்டை ஒரு சுற்று தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிடுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள். செல்ஃப் மோட்டாரை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், சூடாகிவிடும்.

இந்தக் கடைசி வேலையில் கையையும் முகத்தையும் தள்ளியே வைத்திருங்கள். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புள்ளி அளவு காயம்தானே என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்படியும் சரியாகவில்லையா?

ஒரு சுத்தமான கேனில் டீசல் நிரப்பி, எஞ்சினை விட உயரத்தில் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு குழாயை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ஏர் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான். அப்போதும் நின்றால் ஃபீட் பம்பையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் பார்க்க வேண்டும்.

உறிஞ்சும் பக்கத்தில் சிறு துண்டு கண்ணாடிக் குழாய், அதாவது டீசலைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டினால், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

வெளிப்பொருத்து எஞ்சின் என்றால்?

பின்பக்கம் மாட்டும் எஞ்சின்களில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு இருக்கும். அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். அமுக்க அமுக்க பல்பு கெட்டியானால் எண்ணெய் நிரம்பிவிட்டது. கெட்டியாகவே இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. ஓடும்போது பல்பு சப்பையானால் டேங்க் பக்கம் அடைப்பு, அல்லது டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த தடவை ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

கடலுக்குப் போகும் முன்

கரையில் ஐந்து நிமிஷம் சும்மா ஓடிய எஞ்சினை நம்பி முகத்துவாரத்துக்குப் போக வேண்டாம். பளு ஏறும்போதுதான் டீசல் அதிகம் தேவைப்படும், லீக்கும் அப்போதுதான் தெரியும். ஆற்றுக்குள்ளேயே அரை மணி நேரம், கியர் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, கழற்றி மாட்டிய ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாருங்கள். ஸ்பேனர், மாற்று ஃபில்டர், வாஷர், கிளாம்ப், ஒரு கேன் சுத்தமான எண்ணெய் படகிலேயே இருக்கட்டும்.

மீறிக் கடலில் நின்றுவிட்டால் முதல் வேலை நங்கூரம் போடுவது, லைஃப் ஜாக்கெட் மாட்டுவது. எஞ்சினைப் பிரிப்பது அதற்கு அப்புறம்தான். உதவிக்குக் கடலோரக் காவல்படையை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 ஆகிய எண்களில் அழைக்கலாம்.