முத்துப் பாரும் அரசாங்க முடிவும்



பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் என்னுடைய ஊர். அங்குள்ள பரம்பில் புதையுண்ட தாழிகளைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். நான் இன்று பேசவிருப்பது, அந்த ஆறு சென்று கலக்கும் மன்னார் வளைகுடாவைப் பற்றியாகும். அக்கடலின் முத்தைச் சான்றாகக் கொண்டு, அறிவியலறிஞருக்கும் அரசாங்கத்துக்கும் இருக்க வேண்டிய உறவைச் சிறிது ஆராய்வோம்.

முத்துச் சிப்பிகள் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளில் ஒட்டி வாழ்வன. அத்திட்டுகளைப் 'பார்' என்பர். சிப்பி முதிரச் சில ஆண்டுகள் வேண்டும். முந்தி எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். பிந்தினால் சிப்பி மடிந்துவிடும். ஆகவே, சலாபம் நடத்துவதற்கு முன் பார்களைச் சோதிப்பது வழக்கமாக இருந்தது. மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துக்களை மதிப்பிட்டு, அதன் பின்னரே அரசாங்கம் சலாபத்தை அறிவித்தது. எண்ணுதல் முன்னும் ஆணை பின்னுமாக அமைந்த முறை இது.

இலங்கைக் கரையில் 1891-க்குப் பிறகு பல ஆண்டுகள் சலாபம் நடைபெறவில்லை. காரணம் அறிய விரும்பிய அரசாங்கம், லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902-ல் அவர் வந்தார்; அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹார்னெல் வந்தார். இளஞ்சிப்பிகளை மணல் மூடுகிறது, மீன்கள் தின்கின்றன, நெருக்கமும் கெடுக்கிறது என்று அவர்கள் கண்டனர். இளஞ்சிப்பிகளைத் தக்க இடத்துக்கு மாற்றலாம், நெருக்கத்தைக் குறைக்கலாம், அவை பற்றிக்கொள்ளக் கடினமான பொருள்களைப் பரப்பலாம் என்றும் கூறினர்.

1903 முதல் சலாபங்கள் மீண்டும் நடந்தன. 1905-ல் விளைவு மிகப் பெரிது. மறு ஆண்டே அரசாங்கம் இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை ஒரு கம்பெனியிடம் விட்டது. கடலோ அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவில்லை! 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சிப்பி ஏன் மடிகிறது என்று சொல்ல அறிவியலால் இயன்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எவ்வளவு விளையும் என்று சொல்ல இயலவில்லை. அறிந்ததற்கும் எதிர்பார்ப்பதற்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அதனை வெளிப்படையாகக் கூறுவது அறிஞர் கடமை; அதனைக் கேட்டு அளவோடு முடிவு செய்வது ஆள்வோர் கடமை.

நம் தூத்துக்குடிக் கரையில் 1961-ல் நடந்த சலாபமே இறுதியானது. எனினும் ஆராய்ச்சி ஓயவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973-ல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1986-ல் இக்கடலின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின.

2001-ல் கடல் அட்டை பிடிப்பது தடை செய்யப்பட்டது. அரிய உயிரினம் அழியலாகாது என்பது நல்ல நோக்கமே. ஆயினும் மூச்சடக்கி மூழ்கி அதனை எடுத்துப் பிழைத்த குடும்பங்களின் அடுப்பும் அந்த ஆணையால் பாதிக்கப்பட்டது. எந்த இனம் எவ்வளவு குறைந்துள்ளது என்று எண்ணிச் சொல்ல வேண்டியவர் அறிஞர். தடையின் சுமை யார் தலையில் விழும், அவர்களுக்கு மாற்று வழி என்ன என்று பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். ஒன்றின் வேலையை மற்றது ஏற்றுக்கொள்ள இயலாது. நாள்தோறும் கடலடியைக் கண்ணால் காணும் குளியாளரின் அறிவையும் இருவரும் கேட்டறிதல் வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஆய்வுக்கூடத்திலும் சிலர் ஆட்சிப் பீடத்திலும் அமர்வீர்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர், கேட்போர் விரும்புவதை அன்றிக் கண்டதையே கூறுங்கள். ஆட்சியில் இருப்பவர், ஆணையில் கையெழுத்திடுமுன் "எண்ணிப் பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள்.