கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல்

குதிரை தமிழ்நிலத்துக்கே உரிய விலங்கன்று. கடல் கடந்து வந்தது. பூம்புகார்த் துறையிற் குதிரைகள் நீர்வழியாக வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையிற் குருவைக் கண்டு கொண்டுசென்ற பொருளையெல்லாம் திருப்பணிக்கு ஈந்த வரலாற்றை நம் மாணாக்கர் யாவரும் அறிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய இத்தாலிய வணிகர் மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை மாண்டன என்றும் குறித்துள்ளார். இத்துணை அருமையாகத் தேடப்பெற்ற விலங்கு, பிற்காலத்திலே போருக்கும் ஊர்திக்குமன்றி விளையாட்டுக்கும் உரியதாயிற்று. நம் தீவில் அவ்விளையாட்டு நிகழ்ந்த இடங்களுட் புகழ்வாய்ந்தது கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல். உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்பில் வாழ்ந்த நம் பழைய மாணவர் பலர் அதன் அருகால் நாடோறும் நடந்திருப்பர். அதன் வரலாற்றை இங்கே சுருக்கமாக ஆராய்வாம்.

ஆங்கிலேயர் கொழும்பைத் தம் ஆட்சிக்குட் கொண்டுவந்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காலிமுகத்திடலிலேயே குதிரைகளை ஓட்டினர். இன்று மக்கள் மாலைப்பொழுதிற் காற்று வாங்கும் அவ்வெளி, அக்காலத்தில் பந்தயக் களமாகவும் பயன்பட்டது. நகரம் வளர, அவ்விடம் போதாதாயிற்று. 1893ஆம் ஆண்டில் பந்தயங்கள் கறுவாத் தோட்டத்துக்கு மாறின. அப்பொழுது தேசாதிபதியாக விளங்கிய சேர் ஆதர் ஹவ்லொக்கின் பெயரால் அது ஹவ்லொக் பந்தயத் திடல் எனப்பட்டது. நீள்வட்டமான புற்றரை ஓடுபாதையும், ஒருபுறத்தே படிப்படியாக உயர்ந்து செல்லும் பார்வையாளர் மண்டபமும் அமைந்தன. மலைநாட்டிலும் இவ்விளையாட்டு வேரூன்றியது. நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம், இன்றும் சித்திரை மாதக் கொண்டாட்டங்களோடு தொடர்புடையதாய் விளங்குகின்றது.

பந்தயம் நிகழும் முறையையும் அறிதல் வேண்டும். ஓட்டத்தின் தூரம் பர்லாங் என்னும் அளவாற் கூறப்படும். எட்டுப் பர்லாங் ஒரு மைலாகும். ஓடுங் குதிரைகள் தனிவகையின. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் கீழைத்தேயங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று ஆண்குதிரைகளே இவ்வினத்தின் முதல்வர்களாகக் கூறப்படும். சில ஓட்டங்களில் வல்ல குதிரைக்கு மிகுந்த சுமையும் மெலிந்ததற்குக் குறைந்த சுமையும் ஏற்றுவர். வன்மையும் மென்மையும் ஒருவாறு சமப்படுதலே இதன் நோக்கம். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டாற் பணங்கட்டுவார் எவருமிலர் அன்றோ?

இப் பணங்கட்டுதலே பந்தயத்தின் உயிர்நிலை. அதன் கணக்கை நம் மாணாக்கர் நன்கு அறிந்துகொள்ளல் நலம். ஓர் ஓட்டத்துக்கு நூறுபேர் தலைக்குப் பத்து ரூபா கட்டினர் எனக் கொள்வோம். மொத்தம் 1000 ரூபா. நடத்துவோர் தமது பங்காக ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்வாராயின், எஞ்சிய 800 ரூபாவே வென்றவர்க்குப் பகிரப்படும். அதே 800 ரூபா மீண்டும் கட்டப்படின் 640 ரூபாவாகும். மூன்றாம் முறை 512 ரூபாவாகும். மூன்று ஓட்டங்களில் மக்கள் கொண்டுவந்த பொருளின் ஏறக்குறைய அரைப்பங்கு கரைந்துவிடும். ஒருவன் வெல்லலாம், ஆயின் கூட்டம் ஒருபொழுதும் வெல்லாது. குதிரை எதுவாயினும், குதிரைக்காரன் எவனாயினும், இக் கணக்கு மாறுவதில்லை. திருவள்ளுவர் சூது என ஓர் அதிகாரம் வகுத்து, அதில் வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டது இக் கருத்துப் பற்றியே என்க.

திடலின் வரலாற்றில் வியப்பான ஒரு பகுதி இரண்டாம் உலகப்போர்க் காலத்ததாகும். குதிரைகள் ஓடிய புற்றரை அப்பொழுது விமானத்தளமாக மாற்றப்பட்டது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையில் விமானத்தளம் உண்டு என்பதை யப்பானியர் அறிந்திருந்தனர்; நகரின் நடுவே பந்தயத் திடலிலும் ஒன்று உண்டு என்பதை அறிந்திலர். அங்கிருந்து 258ஆம் பிரிவைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து சென்று பொருதன. அவற்றுட் பல மீண்டில. செல்வர்தம் பொழுதுபோக்குக்கென அமைந்த இடம், ஒரு காலைப்பொழுதில் நகரின் காவலரணாயிற்று.

போர் முடிந்தபின் பந்தயங்கள் மீண்டும் நிகழ்ந்தன. எனினும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1956ஆம் ஆண்டிற் பதவிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு கொழும்புப் பந்தயத்தை நிறுத்தியது. சூதாட்டத்துக்கு எதிராக எழுந்த மக்கட் கருத்தே இதற்குத் தலையாய காரணம். பின்னர் 1960களிற் பார்வையாளர் மண்டபம் பல்கலைக்கழக விரிவுரைகளுக்கும் பயன்பட்டது. பணங்கட்டியோர் ஆரவாரித்த படிகளின்கீழ் மாணவர் குறிப்பெழுதினர் எனின், இடத்தின் விதி எங்ஙனம் மாறுகின்றது என்பதைக் காண்க. நெடுநாள் பழுதுற்றுக் கிடந்த அக் கட்டடத்தை 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை புதுக்கியது. இன்று அங்கே கடைகளும் உணவகங்களும் உள்ளன. நடுவெளி றக்பி ஆடுகளமாகியுள்ளது.

இவ்விடத்தே ஒரு வினா எழும். பந்தயம் நின்றதனால் சூது நின்றதா? நின்றிலது. குதிரைகள் கொழும்பை விட்டு அகன்றன. பணங்கட்டும் பழக்கம் அகலவில்லை. ஆங்கிலநாட்டில் ஓடும் குதிரைகளின்மீது இந்நாட்டு நகரங்களிற் பணம் வாங்கும் கடைகள் தொடர்ந்து நடைபெற்றன. கட்டியவன் அக் குதிரையைக் கண்ணாற் கண்டவனல்லன். அது கறுப்போ சிவப்போ என்பதும் அறியான். இக்காலத்திலோ கைத்தொலைபேசி வழியாகவே ஒருவன் தன் அறையிலிருந்தவாறு பொருளை இழக்கலாம். விலங்கின் அழகும், ஓட்டுவோன் திறனும், திறந்தவெளியின் மகிழ்ச்சியும் நீங்கின. நீங்கவேண்டிய ஒன்று மட்டும் எஞ்சியது. களத்தை மூடுதல் எளிது, கருத்தைத் திருத்துதல் அரிது என்பதற்கு இத்திடலே சான்று.

அங்ஙனமாயின், சூதினைச் சாராமல் ஓட்டப்பந்தயம் நிலைபெறல் இயலாதோ? இயலும் என்பதற்கு இத்தாலியிலுள்ள சியேனா நகரை எடுத்துக்காட்டலாம். ஆண்டுதோறும் யூலை 2ஆந் திகதியும் ஆகஸ்ட் 16ஆந் திகதியும் அந்நகரின் நடுச்சதுக்கத்திலே மண்பரப்பிக் குதிரை ஓட்டுவர். நகரில் 17 வட்டாரங்கள் உள. ஒருமுறைக்குப் பத்து வட்டாரங்கள் பங்குபற்றும். எந்தக் குதிரை எவ்வட்டாரத்துக்கு என்பது திருவுளச்சீட்டால் முடிவாகும். சேணமின்றி ஏறி மூன்று சுற்று ஓடுவர். ஏறியவன் இடையில் வீழ்ந்தாலும், குதிரை தனித்து முதலில் வருமாயின் வெற்றி அதற்கே. பரிசு பொற்காசன்று; ஓவியந் தீட்டிய ஒரு கொடியே. வளைவுகளிற் குதிரைகள் காயமுறுவதுண்டு. அதுபற்றிக் கண்டிப்போரும் உளர். எனினும் அப்பந்தயம் பல நூற்றாண்டுகளாக அழியாமைக்குக் காரணம், அது ஊராரின் உடைமையாயிருத்தலே.

நம் குடாநாட்டு மாட்டுவண்டிச் சவாரியும் இத்தன்மையதே. கழகத்தாரும் சீமான்களும் அதனை வளர்த்திலர். தன் எருதுகளைத் தானே பேணி வளர்த்த கமக்காரனே வளர்த்தான். வெற்றி ஊருக்குப் பெருமை. தோல்வி அடுத்த பொங்கல்வரை பேச்சு. சிரித்திரன் ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம் படைத்த சவாரித் தம்பரை மக்கள் தம்முள் ஒருவராகக் கொண்டமைக்கும் இதுவே காரணம். ஆயினும் எருதை வருத்தி ஓட்டுதல் ஒருபொழுதும் வீரமாகாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

குதிரையைக் காண விரும்புவோர் கொழும்புவரை செல்லவேண்டுவதுமில்லை. குறிகட்டுவானிற் படகேறி ஏறக்குறைய ஒருமணி நேரத்தில் நெடுந்தீவை அடையலாம். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள், உடையவரின்றி இன்றும் வெளிகளில் மேய்கின்றன. 2015ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி தேசிய வனமாக்கப்பட்டது. எனினும் கோடையில் நீர்நிலைகள் வற்ற, அவை வாடி மடிதலுண்டு. அவற்றின்மீது எவரும் பணம் கட்டுவதில்லை. ஆதலின் அவற்றை எண்ணுவோரும் சிலரே.

கல்விச் சுற்றுலா செல்லும் மாணாக்கர்க்கு ஒன்று கூறுவேன். நூதனசாலையையும் சுதந்திர சதுக்கத்தையும் கண்டபின், அண்மையிலுள்ள அத்திடலையும் ஒருமுறை சுற்றிவருக. கடைகளின் ஒளியை மட்டும் நோக்காது, மண்டபத்தின் படிகளையும் திடலின் வளைவையும் உற்றுநோக்குக. களியாட்டும் போரும் கல்வியும் வணிகமும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்து அரசோச்சியமை புலனாகும். ஊருக்குத் திரும்பியபின் நெடுந்தீவுக்கும் ஒருமுறை செல்க. செல்லுங்கால், மேயுங் குதிரைகளுக்கு நீர்த்தொட்டி ஒன்று கட்டுதற்கு நம் பழைய மாணவர் சங்கத்தார் துணைநிற்பாராயின், இந்த நிறைவுவிழாவுக்கு அதனினுஞ் சிறந்த நினைவுச்சின்னம் வேறு வேண்டா.