மூடிய கம்பெனி, ஓடும் டிராக்டர்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கோவை எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வயலிலும் ஒர்க்ஷாப்பிலும் தமிழ் கேட்கும். வயதான டிராக்டரை விற்பதா, வைத்திருப்பதா? நெல் விவசாயிக்குச் சேற்றுழவு நெருங்கும்போதெல்லாம் எழும் கேள்வி.

ஹெச்.எம்.டி. வைத்திருப்பவருக்கு அது இன்னும் கூர்மையானது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தோடு 1971இல் ஹரியானாவின் பிஞ்சோரில் 25 குதிரைத்திறன் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 2016இல் அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தாய்வீடு போய்விட்டது, வண்டிகள் போகவில்லை.

காரணம் எளிமை. டீசல் பம்ப் முழுக்க இயந்திர வகை. குழாயில் காற்று புகுந்தால் ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி வெளியேற்றிவிடலாம். சிலிண்டர் தேய்ந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினால் போதும். 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகை விதி கடுமையாகிவிட்டது. அவற்றில் பலவற்றில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர்தான். பழுதானால் ஸ்பானர் மட்டும் போதாது.

ஆனால் பாசம் கண்ணை மறைக்கக்கூடாது. 15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பெரும்பாலும் கிடையாது. இடுக்கி போன்ற மலைச் சரிவில் அது உயிர் விஷயம்.

புது வண்டி மாதா மாதம் தவணை கேட்கும். கடன் தீர்ந்த பழைய வண்டி கேட்பது ஆயில், கிரீஸ், கொஞ்சம் பொறுமை. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஊரில் இருக்கும்வரை கணக்கு சரிதான்.