தெளிந்த ஒலியின் ஈர்ப்பு

மின்கித்தாரின் கம்பிகள் அதிரும்போது எழும் ஒலி மிகவும் மெல்லியது. சிலிபினில் நடைபெறும் திருமண விருந்தாயினும் தலைநகரின் பெரிய கலையரங்கமாயினும், அவ்வொலி அனைவரின் செவியையும் எட்ட ஒலிபெருக்கி தேவை.

தொடக்கக்கால ஒலிபெருக்கிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. அக்குழாய்கள் சூடேறிய பின்னரே செயல்படும். நாளடைவில் தேய்ந்தும் போகும். ஒலியை மிகுதியாகக் கூட்டினால் இசை கரகரக்கும். ராக் இசைக்கலைஞர் பலர் அந்தக் கரகரப்பையே விரும்பினர்.

1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவாக்கப்பட்டது. இதற்குச் சூடேற்றும் இழை தேவையில்லை. டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975-இல் ‘ஜாஸ் கோரஸ் 120’ எனும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. இதில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 60 வாட் ஆற்றல் கிடைக்கிறது. கோரஸ் விசையை முடுக்கினால், ஒரு ஸ்பீக்கர் கித்தாரின் ஒலியை அப்படியே தரும். மற்றொன்று அதனைச் சற்றுத் தாமதித்து, சுருதியை நுட்பமாக ஏற்றி இறக்கித் தரும். இரண்டும் காற்றில் கலக்கும்போது, பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற உணர்வு தோன்றுகிறது.

கரகரப்பை விரும்புவோர் இன்றும் குழாய் வகையையே நாடுகின்றனர். எனினும், தெளிந்த ஒலியில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். விரல் தவறினால் அதுவும் கேட்கும். அதனால், வாசிப்பவர் கவனத்துடன் பயில வேண்டியுள்ளது. விரும்பிய ஒலிமாற்றங்களைக் காலால் மிதித்து இயக்கும் பெடல்களின்வழி சேர்த்துக்கொள்ளவும் இயலும். வெள்ளைத்தாளில் எந்த வண்ணத்தையும் தீட்டலாம் அல்லவா? தெளிந்த ஒலியும் அத்தகையதே. அதனால்தான் அரை நூற்றாண்டு ஆகியும் அதன் மதிப்புக் குன்றவில்லை.