தேருக்கு வெள்ளோட்டம், ராக்கெட்டுக்கும் வெள்ளோட்டம்

புதுக்கோட்டைப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ‘வெள்ளோட்டம்’னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. புதுசா தேர் செஞ்சா, திருவிழாவுக்கு முன்னாடி ஒரு தடவை சாமி இல்லாம இழுத்துப் பார்ப்பாங்க. சக்கரம் சுத்துதா, அச்சு தாங்குதா, திருப்பத்துல சாயுதா? 2022 ஆடித் திருவிழாவில் திருக்கோகர்ணத்துத் தேர் சாய்ந்து ஆட்கள் காயம்பட்டதைப் பார்த்த ஊர் இது. சோதனைக்கு என்ன மதிப்புன்னு நமக்குத் தெரியும்.

விண்கலத்துக்கும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. அதுக்குன்னே தனியா ஒரு சின்ன ராக்கெட் செய்வாங்க.

ஏன் தனி ராக்கெட்?

மனுஷன் போற ராக்கெட் நடுவானில் கெட்டுப்போனா, வீரர்கள் இருக்கும் கலத்தை மட்டும் பிய்த்துத் தூரமா இழுத்துட்டுப் போக ஒரு தப்பிக்கும் அமைப்பு வேணும். ஒலியின் வேகத்தைத் தாண்டுற நேரத்துல காற்று மோதுற அழுத்தம் மிக அதிகம். அங்கேயும் அது வேலை செய்யணும். இதைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் பெரிய ராக்கெட்டை எரிச்சா கட்டுப்படியாகாது.

1959-ல் நாசா இதுக்காகச் செஞ்சதுதான் ‘லிட்டில் ஜோ’. மெர்க்குரி கலத்தைச் சோதிக்க, திட எரிபொருள் மோட்டார்களைக் கொத்தாக் கட்டின ராக்கெட். ஒண்ணுக்குச் செலவு சுமார் 2 லட்சம் டாலர். அட்லஸுக்கோ சுமார் 25 லட்சம்!

ஏவாமலே பறந்த கலம்

1959 ஆகஸ்ட் 21, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவு. ஏவுறதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு, பேட்டரி சார்ஜ் ஆகிட்டு இருக்கு. திடீர்னு தப்பிக்கும் ராக்கெட் தானாவே பத்திக்கிச்சு! கலம் மேலே பறந்துடுச்சு, லிட்டில் ஜோ மட்டும் தரையிலேயே நின்னுது. குரங்கு மாதிரி உயிரினங்களைப் பாதுகாக்க வச்சிருந்த ஒரு ரிலே சர்க்யூட்ல வந்த தவறான மின்துடிப்புதான் காரணம். பேட்டரியில் போதிய சார்ஜ் இல்லாததால முதன்மைப் பாராசூட்டும் விரியலை.

டெவலப்பர் நண்பர்களே, இந்த வகை பக் நமக்குப் புதுசில்ல. பாதுகாப்புக்காக எழுதின கோடே ஆபத்தை இழுத்துட்டு வந்துடும்.

அப்புறமும் தோல்விகள் வந்துச்சு. ஆனா 1961 ஏப்ரல் 28-ல் கடைசி லிட்டில் ஜோ பறந்தப்போ, திட்டமிட்டதை விட அதிக அழுத்தத்திலும் தப்பிக்கும் அமைப்பு வேலை செஞ்சது. ஒரு வாரம் கழிச்சு மே 5-ல் ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் போனார்.

நம்ம வெள்ளோட்டம்

இப்போ 2023 அக்டோபர் 21, ஸ்ரீஹரிகோட்டா. ககன்யானுக்காக இஸ்ரோவின் டிவி-டி1. பிஎஸ்எல்வியில் இருக்கும் அதே விகாஸ் என்ஜினைத் திருத்தி வச்ச ஒற்றை நிலை ராக்கெட். வானிலையால தாமதமாச்சு. கடைசியில் கவுண்ட்டவுனில் 5 விநாடி இருக்கும்போது கணினியே நிறுத்திடுச்சு! கண்காணிப்பு அமைப்பில் ஒரு குளறுபடி. அதைச் சரிசெஞ்சு 10 மணிக்கு ஏவினாங்க. சுமார் 12 கி.மீ. உயரத்தில் தப்பிக்கும் அமைப்பு கலத்தோட பிரிஞ்சது. சுமார் 17 கி.மீ.-ல் கலம் அதை விட்டுத் தனியாப் பிரிஞ்சு, பாராசூட்ல வங்கக் கடலில் இறங்குச்சு. கடற்படை மீட்டுச்சு. கலம் தலைகீழா மிதந்தது. ஆள் உட்காருறதுக்கு முன்னாடியே அதுவும் தெரிஞ்சது நல்லதுதானே?

லைவ் பார்த்தப்போ அந்த 5 விநாடி நிறுத்தத்துல நிறைய பேர் “போச்சு”ன்னு நினைச்சோம். ஆனா நடந்தது நேர்மாறு. 1959-ல் இயந்திரம் யாரும் சொல்லாமலே கிளம்புச்சு. 2023-ல் சந்தேகம் வந்ததும் தானே நின்னுச்சு.

இது வெறும் கதையில்ல. 1983 செப்டம்பரில் பைக்கனூர்ல சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடிச்சப்போ, உள்ளே இருந்த டிட்டோவ், ஸ்ட்ரெக்கலோவ் ரெண்டு பேரையும் இந்த மாதிரி ஒரு அமைப்புதான் உயிரோட மீட்டுச்சு.

அடுத்த தடவை கவுண்ட்டவுன் நின்னா மீம் போடாதீங்க மக்களே. வெள்ளோட்டம் தன் வேலையைச் செய்யுதுன்னு சந்தோஷப்படுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!